வந்த நேரம் என்ன?

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கத்துத் தோழர்கள் வகுப்புக்கு வந்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். விஞ்ஞான வளர்ச்சி, இளைஞர் சக்தி என்றெல்லாம் எழுத நல்ல எழுத்தாளர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது லாரி. எங்கள் வீட்டில் உலை கொதிப்பது லாரியால்தான். நான் இங்கே கட்டும் ஒவ்வொரு ரூபாய் ஃபீஸும் ஏதோ ஒரு ஊர் எல்லையைத் தாண்டி ஓடி வந்த ரூபாய்தான். ஆகவே லாரியைப் பற்றியே எழுதுகிறேன்.

இப்போது யாரும் லாரித் தொழில் என்று சொல்வதில்லை. 'லாஜிஸ்டிக்ஸ்' என்கிறார்கள். வேலைவாய்ப்பு முகாமுக்கு வருகிற கம்பெனிக்காரர்கள் அந்த வார்த்தையைச் சொல்லும்போதே ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. நம்மில் பலருக்கு வேலை கிடைக்கப் போவதும் அங்கேதான். பெயர் மாறியது போலவே தொழிலும் மாறியிருக்கிறதா? நிச்சயமாக மாறியிருக்கிறது. ஆனால் மாறாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கிளீனர் பையன்

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சுத்தியல் சத்தத்தில்தான் எங்களுக்குப் பொழுது விடியும். என் அப்பா ஏழாம் வகுப்போடு நின்றவர். 1985-ல், பதினான்கு வயதில், கிளீனராக லாரி ஏறினார். இன்றைக்கும் இறங்கவில்லை. நாற்பது வருஷம் ஆகிவிட்டது.

கிளீனர் என்றால் வண்டி துடைக்கிற பையன் என்று நினைத்துவிடாதீர்கள். தார்பாய் விரிப்பது, கயிறு இழுத்துக் கட்டுவது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஸ்டெப்னி மாற்றுவது, மேட்டில் வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, ராத்திரியில் டிரைவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுப்பது, எல்லாம் அவன் வேலை. ரிவர்ஸ் எடுக்கும்போது பாடியைத் தட்டி "வரட்டும், வரட்டும், ரைட்டேய்!" என்று குரல் கொடுப்பதும் அவன்தான். படுக்கை, மூட்டைகளுக்கு மேலே. அப்படி ஏழு வருஷம் இருந்து, 1992-ல் அப்பா ஸ்டியரிங் பிடித்தார்.

அந்தக் காலத்தில் பம்பாய்க்கு லோடு ஏற்றினால் போய் வரப் பதினைந்து நாள் ஆகும் என்பார். ஓட்டம் பாதி, காத்திருப்பு பாதி. போன ஊரில் ரிட்டன் லோடு கிடைக்கும்வரை புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். மாநில எல்லைக்கு எல்லை செக்போஸ்ட். கேரளா போகிற வாளையாரில் லாரி வரிசை மைல் கணக்கில் நிற்கும். வரிசையிலேயே அடுப்புப் பற்றவைத்துச் சோறாக்கித் தின்றுவிட்டு, பத்தடி நகர்த்தி, மறுபடி நிற்பார்களாம். 1999-ல் என் அக்கா பிறந்த சேதி, நாக்பூரில் ஒரு புக்கிங் ஆபீஸ் ஃபோனுக்கு மூன்று நாள் கழித்துத்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. "பேரு வெக்கறதுக்குத்தான் வந்து சேர்ந்தாரு" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டும்.

அந்த அக்கா பத்தாவதோடு ஸ்பின்னிங் மில்லுக்குப் போனாள். நான் பாலிடெக்னிக் வந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவதுக்கு மேல் படிக்கிற முதல் ஆள் நான்தான். அதை மறந்துவிட்டு என்னால் எதையும் எழுத முடியாது.

மாறியது எவ்வளவு!

மாற்றங்களை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. 1999-ல் அடிக்கல் நாட்டிய தங்க நாற்கரச் சாலை, 5,846 கிலோமீட்டர் நீளத்துக்கு நான்கு பெருநகரங்களை இணைத்தது. வடக்கு தெற்கு வழித்தடத்தில் எங்கள் ஊர் வழியாகப் போகிற நெடுஞ்சாலையும் நாலு வழி ஆனது. முன்னே எதிரே வருகிற விளக்கு வெளிச்சத்தில் கண் கூசி ஓட்டியவர்களுக்குத்தான் நடுவில் ஒரு தடுப்பு இருப்பதன் அருமை தெரியும். (தொப்பூர்க் கணவாய் இறக்கம் மட்டும் இன்னும் பயமுறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.)

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. மாநில எல்லைகளில் வணிகவரி செக்போஸ்ட்டுகளை எடுத்தார்கள். வாளையாரில் வரிக் காகிதத்தைக் காட்ட நிற்கிற வேலை ஒழிந்தது. 2018 ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. டோல்கேட்டில் சில்லறைக்கு மல்லுக்கட்டுவது போயிற்று. ரிட்டன் லோடு செல்போனிலேயே வந்துவிடுகிறது. வண்டி எந்த ஊரில், எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்பதை முதலாளி வீட்டுத் திண்ணையில் இருந்தபடி ஜி.பி.எஸ்.ஸில் பார்த்துக்கொள்கிறார்.

"நல்லதுங்களாப்பா இதெல்லாம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லதுதான் கண்ணு. ரோட்டுல நிக்கறது கொறைஞ்சு போச்சு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "பக்கத்துல பேசறதுக்குத்தான் ஆளில்ல" என்றார்.

உண்மைதான். கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று கிளீனரை நிறுத்திக்கொண்டே வந்தார்கள். நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2018-ல் அதையும் நீக்கிவிட்டார்கள். நடைமுறையில் பலர் அதற்கு முன்பே கைவிட்ட விதிதான். இன்று பன்னிரண்டு சக்கர வண்டியில் அப்பா தனியாகப் போகிறார். மூன்று பேர் செய்த வேலை ஒருவர் தலையில். தூக்கம் வந்தால் தட்டி எழுப்ப ஆளில்லை.

ஒரு டிரைவரின் காத்திருப்பு

இங்கே வெளிநாட்டுக் கதை ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்று ஒருவர். லாரி டிரைவராக இருந்து லாரி முதலாளி ஆனவர். 1937-ல் பருத்திப் பொதிகளை ஏற்றிக்கொண்டு நியூயார்க் பக்கத்தில் ஒரு துறைமுகத்துக்குப் போனார். ஒவ்வொரு பொதியாகத் தூக்கிக் கப்பலில் ஏற்றுவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. 'இப்படி ஒவ்வொன்றாகத் தூக்குவதற்குப் பதில் லாரிப் பெட்டியையே அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன?' என்ற யோசனை அப்போது வந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1956 ஏப்ரல் 26-ல் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதுதான் இன்று நாம் பார்க்கிற கன்டெய்னர் வியாபாரத்தின் தொடக்கம். நம் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது.

காத்திருந்தவர் ஒரு டிரைவர். அந்த எரிச்சலில் பிறந்த யோசனை உலக வியாபாரத்தையே புரட்டிப் போட்டது. கப்பல் துறைமுகத்தில் கிடக்கும் நாட்கள் குறைந்தன. சரக்கு கிடங்கில் கிடக்கும் நாட்கள் குறைந்தன. ஆனால் நம் ஊர் டிரைவரின் காத்திருப்பு எங்கே போயிற்று? அது ஒழியவில்லை. செக்போஸ்ட்டிலிருந்து தொழிற்சாலை வாசலுக்கு இடம் மாறியிருக்கிறது. இதை நான் யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை. அந்த வாசலில் நானே உட்கார்ந்திருந்தேன்!

நான் எழுதிய நேரம்

போன விடுமுறையில் இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்காக ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். ஸ்டோர்ஸ் கேட்டில் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் பதிவு செய்ய வேண்டும். ஏசி இல்லை, ஆனால் ஃபேன் இருந்தது. எங்கள் வீட்டு ஆண்களில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் நாளே ஒன்று கவனித்தேன். லாரிகள் விடிகாலையிலேயே வந்து கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நிற்கும். உள்ளே இறக்கும் மேடை இரண்டுதான். ஒன்று காலியானால் ஒரு வண்டியைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிற நேரத்தைத்தான் நான் 'வந்த நேரம்' என்று அடிக்க வேண்டும். உள்ளே வந்த பிறகு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் சரக்கை இறக்கி வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆக ரிப்போர்ட்டில், வண்டி வந்து ஒன்றரை மணியில் திரும்பிவிட்டது என்று அழகாக இருக்கும்!

ஒருநாள் அப்பா வயதுக்காரர் ஒருவர் ஜன்னலருகே வந்தார். தோளில் துண்டு, கையில் பிளாஸ்டிக் கவருக்குள் காகிதங்கள்.

"சார், காலைல ஆறு மணிக்கே வந்துட்டேனுங்க. எப்பங்க சார் கூப்புடுவீங்க?"

என்னைத்தான் 'சார்' என்றார். எனக்குப் பதினெட்டு வயது. கொஞ்சம் காத்திருக்கச் சொன்னேன். பதினொரு மணிக்கு மறுபடி வந்து, உள்ளே கக்கூஸுக்குப் போய்வரட்டுமா என்று கேட்டார். வெளி ஆட்களை விடக்கூடாது என்று செக்யூரிட்டி சொல்லிவிட்டார். ஒரு மணிக்கு மூன்றாவது தடவையாக வந்தார். இ-வே பில் அன்று ராத்திரியோடு முடிகிறது என்றார். அந்தக் காகிதத்துக்கும் ஆயுள் உண்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. வண்டி எங்கே நின்றாலும் பில்லின் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்று இருபதுக்குக் கூப்பிட்டார்கள். நான் 3.20 என்று அடித்தேன். இறக்கி முடித்ததும் எல்.ஆர். காகிதத்தை நீட்டினார்.

"இதுலயாச்சும் வந்த நேரம் ஆறு மணின்னு எழுதிக் குடுங்க சார். ஓனர் ஹால்டிங் கேக்கறதுக்கு ஆகும்."

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் அண்ணனைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் 3.20 என்றே எழுதி சீல் வைத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கவருக்குள் மடித்து வைத்துக்கொண்டு போய் வண்டி ஏறினார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒன்பது மணி இருபது நிமிஷத்தை என் கையால் அழித்துவிட்டேன். வண்டி நின்ற இடம் வானத்தில் இருக்கிற செயற்கைக்கோளுக்குத் தெரியும். பத்தடி தூரத்தில் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதாம்!

அந்தப் பக்கத்து நியாயம்

சூப்பர்வைசர் அண்ணன் கெட்டவர் இல்லை. அவரும் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர்தான். சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எனக்கு மட்டும் ஆசையா? மேடை ரெண்டுதான். லேட்டா வந்தா டிரான்ஸ்போர்ட்டுக்கு ஃபைன். அதுக்குப் பயந்து எல்லாரும் ஒரே நேரத்துல முன்னாடியே வந்து நிக்கறாங்க. வெளிய நின்ன நேரத்தையும் எழுதினா மாசக் கடைசி மீட்டிங்ல என் தலையைத்தான் உருட்டுவாங்க."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதனால்தான் இது ஒரு தனிமனிதர் தப்பு அல்ல என்கிறேன். லாரி லேட்டாக வந்தால் அபராதம். தொழிற்சாலை லேட்டாகக் கூப்பிட்டால் ஒன்றுமில்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் கடிகாரம் மாட்டிய வியாபாரம் இது.

நண்பர்களே, சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நமக்கு 'ஒர்க் ஸ்டடி' பாடம் இருக்கிறது. ஒரு லேத் அரை மணி சும்மா நின்றால் அதை 'ஐடில் டைம்' என்று எழுது, காரணம் கண்டுபிடி, நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போடு என்று ஆசிரியர் சொல்லித் தருகிறார். இரும்பு நின்றால் கணக்கு உண்டு. மனுஷன் ஒன்பது மணி நேரம் நின்றால் கணக்கு இல்லையா?

இதில் தொழிற்சாலைக்கும் நஷ்டம்தான். வெளியே நிற்கிற நேரத்தை எழுதினால்தானே மூன்றாவது மேடை வேண்டும் என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியும்? வண்டிகளுக்கு நேரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றும்? எழுதாத நோய்க்கு யார் மருந்து கொடுப்பார்கள்?

டிரைவருக்கு ஓடினால்தான் பேட்டா. நின்றால் காசு இல்லை. நின்று போன நேரத்தை எங்கே ஈடுகட்டுவார்? ராத்திரித் தூக்கத்தில்தான். பகலெல்லாம் வெயிலில் கேபினில் வெந்துவிட்டு, ராத்திரி பூரா ஓட்டுவார். விடிகாலையில் நின்றிருந்த வண்டியின் பின்னால் மோதி டிரைவர் பலி என்று பேப்பரில் இரண்டு வரி வரும். 'டிரைவர் தூங்கிவிட்டார்' என்று படித்துவிட்டுப் போகிறோம். முந்தின நாள் பகலில் எந்தக் கேட்டில் எத்தனை மணி நேரம் நின்றார் என்று யாரும் கேட்பதில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. தொலைதூர ஓட்டத்துக்குச் சற்றுக் கூடுதல் உண்டு. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும். எங்கள் ஊரில் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கும் ஓனர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் ஓட்டுகிற டிரைவர்கள் அந்த வரம்புக்குள் வரவே இல்லை. 2025 நவம்பரில் அந்தச் சட்டமும் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்ந்துவிட்டது. சட்டம் எதுவானாலும், நேரத்தை எழுதுகிற கை பொய் எழுதினால் அது என்ன செய்ய முடியும்?

நாம் என்ன செய்யலாம்?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அப்பாவும் வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலீங்ப்பா."

"சொல்ல மாட்டாரு. சொன்னா அடுத்த லோடு போயிரும்."

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தச் சேருல உக்காரத்தான் கண்ணு உன்னையப் படிக்க வெச்சது. உக்காந்தீன்னா, வந்த நேரத்த எழுது."

மீதி இருந்த நாட்களில் நான் பெரிய புரட்சி ஒன்றும் செய்துவிடவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். லாரி வந்து நிற்கும்போது நம்பரையும் நேரத்தையும் அதில் எழுதினேன். செக்யூரிட்டி அண்ணன் நான் வருவதற்கு முன்னால் வந்த வண்டிகளின் நேரத்தைச் சொன்னார். கடைசி நாள் அந்த நோட்டைச் சூப்பர்வைசர் அண்ணனிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். "வெச்சுட்டுப் போ தம்பி" என்றார். மேலே காட்டினாரா, மேஜைக்குள் போட்டாரா, தெரியாது. 3.20 என்று நான் எழுதிய அந்த எல்.ஆர்.ஐ மட்டும் திருத்த முடியாது.

நம் கல்லூரியிலிருந்து வருஷா வருஷம் எத்தனையோ பேர் கிடங்குக்கும் ஸ்டோர்ஸுக்கும் டெஸ்பாட்ச்சுக்கும் போகிறோம். நம்மில் பாதிப் பேருடைய அப்பா டிரைவர், லோடுமேன், கட்டடத் தொழிலாளி, மில் தொழிலாளி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் நம் வீட்டு ஆட்கள். ஆகவே என் கருத்துகளை இப்படி முன்வைக்கிறேன்.

ஒன்று: வண்டி உள்ளே வந்த நேரத்தோடு, வாசலுக்கு வந்த நேரத்துக்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் வேண்டும். அதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

இரண்டு: அந்த இரண்டு நேரத்தையும் எல்.ஆர்.-லும் எழுதித் தர வேண்டும். ஹால்டிங் பணம் கிடைப்பதும் கிடைக்காததும் பிறகு. சாட்சி முதலில்.

மூன்று: நிற்கிற இடத்தில் நிழல், குடிதண்ணீர், கழிப்பறை. இது சலுகை இல்லை. விருந்தாளிக்குக்கூட வேண்டாம், வழிப்போக்கனுக்கே நம் ஊரில் திண்ணை கட்டி வைத்தார்கள்.

நான்கு: டிரெய்னிங் முடிந்து வருகிற மாணவர்கள் இப்படிப் பார்த்ததை எழுதிவைக்க நம் சங்க அறையில் ஒரு நோட்டுப் போட வேண்டும். அடுத்த வருஷம் போகிறவர்கள் என்னைப் போல இரண்டாம் நாள் திகைத்து நிற்காமல், முதல் நாளே கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும்.

'சின்ன வேலையில் சேரப் போகிற நம்மால் இதெல்லாம் முடியுமா?' என்று சிலர் கேட்கலாம். மூன்றாவது மேடை கட்ட நம்மால் முடியாது. கட்டணத்தை உயர்த்த முடியாது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, வந்த நேரம் என்ன?" என்று கேட்க முடியும். அவர் சொன்னதை அப்படியே எழுத முடியும்.

அப்பா இந்தக் கட்டுரை அச்சாகிற நேரத்தில் எங்கேயாவது ஒரு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். உள்ளே உட்கார்ந்திருப்பது ஒருவேளை நம் சீனியராக இருக்கலாம். அவரும் இந்த மலரைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.